கடைப் புத்தகம் யார் கையில்? தோட்டக் கடை முதல் மேகக் கணிமை வரை

மலேசியத் தோட்டப்புற வரலாறு என்றதும் கப்பல், கங்காணி, பால்மரம், லயம், கோயில், தமிழ்ப்பள்ளி என்று வரிசையாகப் பலவும் நினைவுக்கு வரும். இந்த வரிசையில் பெரும்பாலும் இடம் பெறாத ஒன்று உண்டு. அது தோட்டக் கடையில் இருந்த கணக்குப் புத்தகம். அரிசி எவ்வளவு, கருவாடு எவ்வளவு, போன மாதப் பாக்கி எவ்வளவு என்று ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாட்டையே எழுதி வைத்திருந்த புத்தகம் அது.

இன்று அதே நெகிரி செம்பிலானில், தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கைப்பேசி வழியாக முறுக்கும் சேலையும் மசாலைத் தூளும் விற்கிறார்கள். அவர்களுடைய கடைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஆனால் அது மேசை மேல் இல்லை, வீட்டிலும் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், யாரோ ஒருவருடைய கணினியில் இருக்கிறது. இதற்கு வைத்த பெயர்தான் மேகக் கணிமை.

இந்த இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இணைய வணிகம் நம் மக்களுக்கு எதைக் கொடுக்கிறது, எதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்பது விளங்கும்.

காப்பியில் தொடங்கிய தோட்டம்

நெகிரி செம்பிலானின் தோட்ட வரலாறு ரப்பரில் தொடங்கவில்லை. 1880-களில் இலங்கையிலிருந்து வந்த தோட்டக்காரரான ஹில் போன்றவர்கள் சுங்கை ஊஜோங் பகுதியில் காப்பி பயிரிட்டார்கள். ரந்தாவ் வட்டாரத்து லின்சம் தோட்டம் அந்தக் காலத்தது. 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1890-களில் காப்பி விலை விழுந்தது. மோட்டார் வாகனம் வந்ததும் ரப்பருக்கு மவுசு வந்தது. காப்பிச் செடி நின்ற மண்ணில் பால்மரம் எழுந்தது.

மரத்துக்கு ஆள் வேண்டும். 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிந்தது. அதன் பிறகு கங்காணி முறையே முதன்மையான வழியானது. 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தும் வரை இந்த ஓட்டம் நீடித்தது.

1920-களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி, முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சம்பளம் மாதம் ஒரு முறை. வயிறோ நாள்தோறும் கேட்கும். பட்டணம் தொலைவு; போக்குவரத்து இல்லை. இடையில் இருக்கும் முப்பது நாளை எப்படிக் கடப்பது? அந்த இடைவெளியில்தான் தோட்டக் கடை முளைத்தது. சில தோட்டங்களில் சீனத் தவுக்கே கடை வைத்திருந்தார். சில இடங்களில் தமிழ் முஸ்லிம் வணிகர். பல தோட்டங்களில் கங்காணியே கடைக்காரர். ஆள் கொண்டு வந்தவரும் அவரே, ஆள் கணக்குக்குத் தலைக்காசு பெற்றவரும் அவரே, அரிசி பருப்பு கடன் கொடுத்தவரும் அவரே. ஒரே ஆளிடம் மூன்று கயிறுகள்!

எழுதியவர் சொன்னதே கணக்கு

கடன் வாங்கும் முறை எளிமையானது. பிள்ளை வந்து சாமான் கேட்கும், கடைக்காரர் நிறுத்துக் கொடுப்பார், புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பின்னாளில் சட்டைப்பையில் அடங்கும் சின்னஞ்சிறு நோட்டு ஒன்று நாடெங்கும் பரவியது. அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். இன்றைக்கும் மலேசியாவில் இனம் பாராமல் எல்லாருக்கும் கடன் என்றால் 555 புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஈடு எதுவும் கேட்காமல், முகத்தை மட்டும் பார்த்துக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்து, பல்லாயிரம் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கப்பலேறியவரின் கடன் கடைக்காரர் தலையில்தான் விழுந்திருக்கும்.

சிக்கல் மனிதரிடம் இல்லை; புத்தகத்தில் இருந்தது. எழுதத் தெரிந்தவர் ஒருவர், எழுதப்படுபவர் இன்னொருவர். கணக்கு ஒருவரிடம் மட்டுமே இருந்தால், அவர் சொல்வதே கணக்கு. ‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா’ என்பது பழமொழி. தோட்டத்தில் நிலைமை வேறு. எழுதிய கடனுக்கும் அழத்தான் வேண்டியிருந்தது. ஏனென்றால் எழுதியதைப் படித்துச் சரிபார்க்க இரண்டாவது புத்தகம் பல வீடுகளில் இல்லை. விவரம் தெரிந்த சில குடும்பங்கள் மட்டும் தங்களிடம் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, வாங்கும் போதெல்லாம் அதிலும் எழுதச் சொன்னார்கள். அந்த இரண்டாவது நோட்டுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

சட்டம் இந்த ஆபத்தை அறிந்திருந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். கூலியை எங்கே, எப்படி, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக் கூடாது என்கிறது 26-ஆவது பிரிவு. முன்பணத்துக்கு முதலாளி வட்டி வாங்கக் கூடாது என்கிறது அடுத்த பிரிவு. சில்லறைக் கடையில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது, அந்தக் கடையிலேயே வேலை செய்பவருக்கு மட்டும் கொடுக்கலாம் என்கிறது 28-ஆவது பிரிவு. ஏன் இவ்வளவு நுணுக்கம்? சம்பளம் கொடுக்கும் மேசையும் கடன் புத்தகம் இருக்கும் மேசையும் ஒன்றாகிவிட்டால், தொழிலாளியின் கைக்கு எதுவும் வந்து சேராது என்ற அனுபவம்தான் காரணம்.

சட்டத்தோடு அமைப்பும் வந்தது. 1922-இலேயே கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டு, தோட்டங்களில் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் தலைமையில் சம்பளத்துக்குக் குரல் கொடுத்தது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று சிறுகக் கட்டிய தொழிலாளர்கள் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். அடுத்தவர் புத்தகத்தில் பெயராக இருந்தவர்கள் தங்கள் பெயரில் ஒரு புத்தகம் திறந்த காலம் அது.

கடை போனது, கடன் போகவில்லை

தோட்டத் துண்டாடல் 1950-களில் வேகம் பிடித்தது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசிஸ் அறிக்கையே எழுதினார். அதன் பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையையும் தள்ளிக்கொண்டு வீடமைப்புத் திட்டம் வந்தது. சிரம்பானைச் சுற்றிலும், நீலாய், லாபு பக்கங்களிலும் தோட்டமாக இருந்த நிலங்கள் தாமான்களாக மாறின.

லயத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துக்கு வீடு மட்டும் போகவில்லை. பக்கத்து வீட்டு உறவும், கடனுக்குச் சாமான் கொடுத்த கடையும், கால்நடை வளர்த்த நிலமும் சேர்ந்தே போயின. தோட்டத்தில் பால் வெட்டியதோடு மாடு வளர்த்தும் பலகாரம் சுட்டும் குடும்பத்துக்குத் துணை வருமானம் தேடியவர்கள் பெண்கள். அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு அவர்கள் கைத்தொழிலை யாரிடம் விற்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் கைப்பேசியில் வந்தது. 2012-இல் லாசாடா, 2015-இல் ஷோப்பீ, 2022-இல் டிக்டாக் கடை என்று இணையச் சந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மலேசியாவில் திறந்தன. கடை வாடகை இல்லை, முன்பணம் இல்லை. ரந்தாவில் சுட்ட முறுக்கைக் கூச்சிங்கில் இருப்பவர் வாங்கலாம். இது சிறிய மாற்றம் அல்ல. தோட்டக் கடையின் ஒரே வாடிக்கையாளராக இருந்த குடும்பம், நாடு முழுவதும் வாடிக்கையாளர் வைத்துள்ள கடைக்காரராக ஆக முடிகிறது.

மேகம் வந்த கதை

மேகக் கணிமை பிறந்ததே சில்லறை வணிகத்தில்தான். 1995-இல் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான் வளர வளர, அதன் ஒவ்வொரு பிரிவும் சேமிப்பு, கணினித் திறன் போன்ற அடிப்படை வேலைகளைத் தனித்தனியாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. அதைப் பொதுச் சேவையாக மாற்றினார்கள். அந்த அனுபவத்தை வைத்து 2006 மார்ச்சில் சேமிப்பிடத்தையும், ஆகஸ்டில் கணினித் திறனையும் வெளியாருக்கு வாடகைக்கு விட்டார்கள். பண்டிகைக்கு வாங்கிப் போட்ட கணினிகள் மற்ற நாளில் சும்மா கிடந்ததால் வாடகைக்கு விட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவரே அது உண்மையல்ல என்று மறுத்திருக்கிறார்.

ஆனால் பண்டிகைக்கும் மேகக் கணிமைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. தோட்டத்தில் சம்பள நாளன்று என்ன நடந்தது? மற்ற நாளில் வெறிச்சோடிக் கிடக்கும் இடத்தில் அன்று மாலை துணிக்காரர், பாத்திரக்காரர், மிட்டாய்க்காரர் என்று சந்தையே கூடிவிடும். மறுநாள் ஒருவரும் இருக்க மாட்டார். அந்த ஒரு நாளுக்காக யாராவது அங்கே நிரந்தரக் கட்டடம் கட்டுவார்களா? மேகக் கணிமையின் சூத்திரம் இதுவே. தீபாவளிக்கு முந்திய வாரம் ஆயிரம் பேர் கடைக்குள் நுழைந்தால் கணினித் திறன் தானாகப் பெருகும். பண்டிகை முடிந்ததும் சுருங்கும். பயன்படுத்திய அளவுக்கே கட்டணம்.

வேலை நடக்கும் விதத்தையும் பார்க்கலாம். ஒரு பெண் முறுக்குப் பொட்டலத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார். படம் ஓரிடத்தில் சேமிக்கப்படுகிறது. இருப்பு இருபது என்ற எண் இன்னோரிடத்தில் பதிவாகிறது. கடைசிப் பொட்டலத்தை ஒரே நொடியில் இருவர் கேட்டால், ஒருவருக்கு மட்டும் கொடுத்து மற்றவருக்கு ‘தீர்ந்துவிட்டது’ என்று காட்டுவது ஒரு நிரலின் வேலை. பணம் வந்ததா என்று பார்ப்பது இன்னொன்று. அஞ்சல் முகவரிச் சீட்டு அச்சிடுவது மற்றொன்று. 2019-இல் சீனாவின் அலிபாபா தன் நவம்பர் 11 பெருவிற்பனையின் முதன்மை அமைப்புகள் அனைத்தையும் மேகத்துக்கு மாற்றியிருந்தது. உச்ச நேரத்தில் நொடிக்கு 5,44,000 ஆணைகள் வந்தன. 2016-இல் லாசாடாவின் பெரும்பங்கை வாங்கியதும் அதே அலிபாபாதான். ஆக, உலகின் பெரிய கடைகளுக்குக் கிடைக்கும் அதே வகை இயந்திர பலம் தாமான் வீட்டுச் சமையலறைக்கும் கிடைக்கிறது.

மேகம் வானத்தில் இல்லை

மேகம் என்ற சொல் ஒரு மயக்கத்தைத் தருகிறது. உண்மையில் அது மண்ணில் நிற்கும் கட்டடம். மின்சாரமும் தண்ணீரும் ஏராளமாகக் குடிக்கும் கட்டடம். 2017-இல் அலிபாபா மலேசியாவில் தரவு மையம் திறந்தது. 2024 ஆகஸ்டில் அமேசான் தன் மலேசிய வட்டாரத்தைத் தொடங்கி, 2038-க்குள் 620 கோடி அமெரிக்க டாலர் முதலீடு என்று அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் 200 கோடி டாலர் முதலீட்டை அறிவித்த கூகல், தரவு மையத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் சிலாங்கூரின் எல்மினா. எல்மினா ஒரு தோட்டத்தின் பெயர்! நெகிரி செம்பிலானும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. 2024 டிசம்பரில் கமுடா நிறுவனம் போர்ட்டிக்சன் ஸ்பிரிங்ஹில் பகுதியில் சுமார் 389 ஏக்கர் நிலத்தைத் தரவு மையத்துக்காக வாங்குவதாக அறிவித்தது.

காப்பிக்கு ஒரு காலம், ரப்பருக்கு ஒரு காலம், செம்பனைக்கு ஒரு காலம், வீட்டுக்கு ஒரு காலம். இப்போது தரவு. மண் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாமல் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: கணக்கு யார் கையில்?

புத்தகம் தொலைந்தால்

2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுதாக எரிந்தது. ஏறக்குறைய 36 லட்சம் இணையத் தளங்கள் நின்றுபோயின. வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். நகலும் அதே வளாகத்தில் இருந்தவர்களில் சிலருக்குக் கணக்கே திரும்பக் கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் 20-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசான் மேகத்தில் ஒரு கோளாறு. பல மணி நேரம் உலகின் பல கடைகளும் சேவைகளும் தடுமாறின.

தீயும் வேண்டாம், கோளாறும் வேண்டாம்; கடையை மூட முடிவெடுத்தாலே போதும். ஜப்பானின் ராகுடென் 2012-இல் மலேசியாவில் இணையச் சந்தை திறந்தது. 2016-இல் மூடியது. அங்கே வாடிக்கையாளர்களின் பாராட்டைச் சேர்த்து வைத்திருந்த வணிகர், வேறு சந்தையில் புதிய ஆளாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். தோட்டம் கைமாறியபோது லயத்தை விட்டு எழுந்தவர்களின் நிலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கடனும் திரும்பி வந்திருக்கிறது. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று கைப்பேசி அழைக்கிறது. 555 புத்தகமே புதுச்சட்டை போட்டு வந்தது போலத்தான். முன்பு கடைக்காரர் முகம் பார்த்துக் கொடுத்தார். இப்போது வாங்கிய பழக்கத்தைப் பார்த்து நிரல் கொடுக்கிறது. இத்தகைய கடனையும் கண்காணிப்புக்குள் கொண்டுவர, 2025-இல் நாடாளுமன்றம் நுகர்வோர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது.

இரண்டாவது நோட்டு

அப்படியானால் மேகக் கணிமையே வேண்டாமா? அப்படிச் சொல்வது, கடைக்காரர் கடன் எழுதுகிறார் என்பதற்காகப் பட்டினி கிடக்கச் சொல்வது போல. வீட்டுக் கணினி ஒன்றை நம்பியிருப்பதைவிட மேகம் பாதுகாப்பானது, மலிவானது. விவரம் தெரிந்த தோட்டக் குடும்பம் செய்ததையே இங்கேயும் செய்ய வேண்டும். கடையில் ஒரு புத்தகம் இருக்கட்டும். வீட்டில் இரண்டாவது நோட்டு இருக்கட்டும்.

அந்த இரண்டாவது நோட்டில் என்ன இருக்க வேண்டும்? பொருள் பட்டியலும் விலையும், சொந்தமாக எடுத்த படங்கள், மாத விற்பனைக் கணக்கு, தளம் பிடித்துக்கொண்ட கட்டணம். சந்தைத் தளங்கள் விற்பனைக் கணக்கைப் பதிவிறக்கம் செய்ய வழி தருகின்றன. மாதம் ஒரு முறை அதை இறக்கி, தளத்துக்குத் தொடர்பில்லாத இடத்தில் வைக்கலாம். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் போட்டுக்கொண்டால் கடைச் சாவி திருடு போவது குறையும். விற்பனை பெருகினால், சந்தைக்குள் ஒரு மேசையோடு நிற்காமல், சொந்தப் பெயரில் ஓர் இணையக் கடையும் திறக்கலாம். சந்தைக்குள் தெருவையும் பலகையையும் சந்தைக்காரர் தீர்மானிக்கிறார். சொந்தக் கடையில் மேகம் வாடகை இடம்தான். பலகையும் வாடிக்கையாளர் பட்டியலும் கடைக்காரருடையவை.

சிலர் கேட்கலாம்: வாடிக்கையாளரின் முழு விவரத்தைச் சந்தைத் தளங்கள் காட்டுவதில்லையே? உண்மை. அது தளத்தின் பிடியை இறுக்குகிறது. அதே நேரத்தில் வாங்குபவரின் அந்தரங்கத்தையும் காக்கிறது. சொந்தமாக முகவரி சேர்ப்பவர்கள் ஒப்புதல் பெற்றே சேர்க்க வேண்டும். 2013 முதல் நடப்பில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகர் மீது அந்தப் பொறுப்பைச் சுமத்துகிறது. 2024-இல் அது திருத்தப்பட்டது. ஒருவர் தம்மைப் பற்றிய தரவை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொல்லும் உரிமை 2025 ஜூனில் நடப்புக்கு வந்தது. கூலியை எந்தக் கடையில் செலவழிப்பது என்று முதலாளி சொல்லக் கூடாது என்றது 1955. தரவு ஒரே கடையில் அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கியிருக்கிறது நம் காலம். ஆனால் அந்த உரிமை இன்னும் தனிநபருக்குத்தான். சிறு விற்பனையாளர் சேர்த்த நற்பெயரைக் கட்டிச் சுமந்து செல்ல வழி பிறக்க வேண்டியிருக்கிறது.

அதைத் தனியாளாகக் கேட்டால் யாருக்கும் காதில் விழாது. மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கிய சமுதாயத்துக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஓர் ஊரில் வீட்டிலிருந்து விற்கும் இருபது பேர் கூட்டுறவாகச் சேர்ந்தால், ஒரு சொந்த இணையக் கடையின் செலவு ஆளுக்குச் சில வெள்ளிதான். ஒரே கடைக்குள் முறுக்கும் இருக்கும், சேலையும் இருக்கும், ஊறுகாயும் இருக்கும். கணக்கைப் பார்க்கப் படித்த பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

தோட்டத்துப் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கடைப் புத்தகம் அடுத்தவர் கையில் இருந்தது. பேத்திக்கு எழுத்தும் தெரியும், கணினியும் தெரியும். அவருடைய கணக்கும் அடுத்தவர் கையில் மட்டுமே இருக்குமானால், அதற்குப் படிப்பின்மையைக் காரணம் சொல்ல முடியாது.